பாலையில் பெய்த கார்



முல்லைக்கு இருத்தல், பாலைக்குப் பிரிதல் என்று பாடசாலையில் மனனம் செய்தவர்கள் நாம். கார்காலமும் மாலைப்பொழுதும் முல்லைக்கு உரியன என்றும் படித்தோம். பரீட்சைக்காகப் படித்த அந்தப் பாடம் எனக்கு விளங்கியது மிகவும் பிந்தித்தான். டுபாய் விமான நிலையத்தின் தரையில் கழித்த ஓர் இரவில்.

2024 ஏப்ரல் 16ஆம் திகதி. லண்டனில் மகள் வீட்டிலிருந்து ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். 18ஆம் திகதி காலை கீரிமலையில் அக்காவின் அந்தியேட்டி. டுபாயில் காலையில் இறங்கி, மாலையில் கொழும்பு விமானம் ஏறவேண்டும். அன்று அங்கே பெய்தது, அந்த நாட்டில் பதிவுகள் தொடங்கிய 75 ஆண்டுகளில் காணாத மழை. ஆண்டு முழுவதற்கும் ஏறக்குறைய 95 மில்லிமீற்றர் மழை காணும் நகரில், ஒரே நாளில் 142 மில்லிமீற்றர் கொட்டியது. ஓடுபாதையில் வெள்ளம். அறிவிப்புப் பலகை எங்கள் விமானத்தை முதலில் 'தாமதம்' என்றது. பிறகு 'இரத்து' என்றது.

முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். அன்று பாலை முல்லையாகத் திரிந்தது.

விசாரணைக் கருமபீடத்தில் குரலை உயர்த்திப் பார்த்தேன். பயனில்லை. திரும்பி வந்தபோது, தரையில் துணி விரித்திருந்த ஒரு பெண் சற்று ஒதுங்கி இடம் தந்தாள்.

"இருங்க ஐயா" என்றாள்.

இருத்தல் என்ற சொல்லுக்கு நான் கேட்ட நல்ல உரை அதுதான். வாழைச்சேனைக்காரி. குவைத்தில் நான்கு வருடம் வீட்டுப் பணிப்பெண்ணாக வேலை செய்துவிட்டு வருகிறாள். அந்தியேட்டியைச் சொல்லிப் புலம்பினேன். பொறுமையாகக் கேட்டாள்.

"என்ட மகனும் அவரும் வேன் பிடிச்சுக் கட்டுநாயக்காவில வந்து நிக்காங்க ஐயா. நாலு வருஷம் பாத்திருந்ததுகள். இன்னும் ஒரு ராத்திரிதானே" என்றாள்.

பிறகு மறுபக்கம் திரும்பி, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்குவதைக் கண்டேன்.

பெண்ணோடு கடற்பயணம் இல்லை என்கிறது தொல்காப்பியம். பொருள்தேடத் தலைவன் போவான். தலைவி இல்லத்தில் இருப்பாள். இன்று தலைவி கடல் கடக்கிறாள். கணவனும் பிள்ளையும் வாசலில் இருக்கிறார்கள். பிரிந்து போனவளும் அங்கே இருந்துகொண்டேதான் இருக்கிறாள். அவளுடைய இருத்தலுக்கு எந்தத் திணையில் இடம்?

மறுநாள் மாலைதான் விமானம் புறப்பட்டது. கட்டுநாயக்காவில் கூட்டத்துக்குள் அவளைத் தவறவிட்டேன். மகனை அவள் கண்ட காட்சியை நான் காணவில்லை. கீரிமலையை அடைந்தபோது உச்சிப்பொழுது. "பிந்திப்போனியள் மாமா" என்றான் மருமகன். கிரியைகள் முடிந்திருந்தன.

கேணிப் படியில் தனியே இருந்தேன். 1997இல் ஊருக்குப் போகக் கப்பலில் இடம் கிடைக்காமல் திருகோணமலையில் வாரக்கணக்காகக் காத்துக் கிடந்திருக்கிறேன். அந்த நாட்களின் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், எழுதியும் இருக்கிறேன். அதே நாட்களில் அக்கா படலையைப் பார்த்தபடி எப்படி இருந்தாள் என்று அவளிடம் ஒருநாளாவது கேட்டதில்லை.

இனிக் கேட்க முடியாது. கேட்கக்கூடிய அக்கா உங்களுக்கு இருந்தால், நேயர்களே, இன்றே கேட்டுவிடுங்கள்.