ஏடும் அடுப்பும்

நூற்றுக்கணக்கானோருக்குச் சமைத்துப் படைக்கும் இடங்களில் உணவுப் பாதுகாப்புத் திட்டம் என்று ஓர் ஏடு இருப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2011இல் வந்த விதிகளும் இதற்கு வழி வகுத்தன. எந்தப் படியில் என்ன தீங்கு நேரக்கூடும், அதை எங்கே தடுப்பது, தடுத்தோம் என்பதை எதைக் கொண்டு அறிவது என்பவையெல்லாம் அந்த ஏட்டில் இருக்கும். அதை எழுதும் முறையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. எழுதியதை எப்போது எடுத்துப் பார்ப்பது, எவ்வாறு திருத்துவது என்பதே நான் எடுத்துக்கொண்ட விஷயம். எழுதுவதைவிட இதுவே கடினம் என்பது என் அபிப்பிராயம். எழுதி முடித்தவுடன் ஒரு நிம்மதி பிறந்துவிடுகிறது. அந்த நிம்மதியில் ஏடு அலமாரிக்குள் போய்விடுகிறது.

இம்முறை தோன்றிய வரலாறு சுவையானது. 1959இல் விண்வெளிப் பயணிகளுக்கு உணவு செய்து தரும் பொறுப்பு அமெரிக்காவில் பில்ஸ்பரி என்னும் நிறுவனத்திடம் வந்தது. செய்து முடித்த உணவைச் சோதித்தே நல்லது கெட்டது அறிவதென்றால், செய்ததில் பெரும்பகுதி சோதனைக்கே செலவாகிவிடும் என்று கண்டார்கள். எனவே செய்யும் ஒவ்வொரு படியிலும் காவல் வைத்தார்கள். உலக நாடுகளின் உணவு நெறிகளைத் தொகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு 1993இல் இதனை ஏற்று வெளியிட்டது. 2020இல் அதையும் திருத்தியது. வழிகாட்டும் நூலே திருத்தப்படுகிறது என்றால், அதைப் பார்த்து எழுதிய ஏடு திருத்தப்படாமல் இருக்கலாமா?

திருத்தத் தவறினால் விளைவது என்ன என்பதற்கு 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கொத்திய மாட்டிறைச்சியைத் தட்டையாகத் தட்டி, சுட்டு, ரொட்டிக்கு நடுவே வைத்து விற்கும் கடைகள் அங்கே ஏராளம். அவ்விறைச்சியை 60 பாகை வெப்பம் ஏறும்வரை சுட்டால் போதும் என்பது மத்திய அரசின் பழைய அளவு. ஆனால் ஈ.கோலை ஓ157 என்னும் கொடிய கிருமி 1982இலேயே இனங்காணப்பட்டிருந்தது. அதை மனத்தில் கொண்டு வாஷிங்டன் மாநிலம் 68 பாகை வேண்டும் என்று விதியை உயர்த்தியிருந்தது. பல கிளைகள் உள்ள ஒரு நிறுவனமோ பழைய அளவிலேயே சுட்டுக்கொண்டிருந்தது. எழுநூறு பேருக்கு மேல் நோயுற்றார்கள். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். சமையற்காரர்கள் சோம்பியிருந்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர்கள் கையில் இருந்த அளவே பழையது. இதற்குப் பிறகு 1996இல் வந்த இறைச்சி விதி, ஆண்டுக்கு ஒரு முறையேனும் திட்டத்தை மீண்டும் ஆராய வேண்டும் என்று கட்டாயமாக்கியது.

மாட்டிறைச்சி நமக்கென்ன என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நம் அரிசிச் சோற்றிலேயே இதே சங்கதி உண்டு. பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியை உண்டாக்கும் அந்த நஞ்சு, மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகையால் சோற்றை 60 பாகைக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும். இல்லையேல் விரைவாக ஆற்றி 5 பாகைக்குக் கீழே கொண்டுபோக வேண்டும்.

மாணவர் விடுதி ஒன்றின் ஏட்டை ஒரு முறை பார்த்தேன். அழகாக எழுதப்பட்ட ஏடு. பதினோரு மணிக்கு உலை இறக்கி, பன்னிரண்டரைக்கு அதே கட்டடத்தில் பரிமாறுவதாக அதில் கண்டிருந்தது. ஆனால் நான் பார்த்த காலத்தில் உண்போர் தொகை மும்மடங்காகியிருந்தது. உலை ஒன்பது மணிக்கே இறங்கியது. பாதிச் சோறு அண்டாவோடு வண்டியில் ஏறி வேறொரு கட்டடத்துக்குப் போயிற்று. அந்த வண்டி ஏட்டில் இல்லை. இதைச் சொன்னபோது நிர்வாகி, “இதுவரை ஒரு பையனுக்கும் ஒன்றும் வந்ததில்லையே” என்றார். இரவில் ஒரு பையன் வாந்தி எடுத்தால், வெயில் என்பார்கள், பித்தம் என்பார்கள். சமையலறைக்கு அச்செய்தி வந்து சேருவதே இல்லை. நோய் வரவில்லை என்பதைச் சான்றாக ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

இத்தகைய மாறுதல்கள் ஓசையின்றி வருகின்றன. பயணத்துக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தவர்கள் அடுத்த ஆண்டு சாம்பார் சாதம் கட்டுகிறார்கள். புளியின் அமிலம் கிருமிகளின் பெருக்கத்தை ஓரளவு தடுத்துவந்தது. சாம்பார் சாதத்தில் அக்காவல் குறைவு. பெருங்காயம் வாங்கும் கடை மாறுகிறது. கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலப்பது வழக்கம். ஒருவர் அரிசி மாவு கலப்பார், மற்றொருவர் கோதுமை மாவு கலப்பார். கோதுமை ஒவ்வாத குழந்தைக்கு இது சிறிய மாறுதல் அன்று. பழகிய சமையற்காரர் விலகிப் புதியவர் வருவதும், ஆழ்துளைக் கிணறு வற்றி லாரித் தண்ணீர் வருவதும் அப்படிப்பட்டவையே. இவற்றில் ஏதேனும் ஒன்று நேர்ந்தால் அன்றே ஏட்டைத் திறக்க வேண்டும். ஆண்டு முடியட்டும் என்று காத்திருப்பது சரியன்று.

திறந்தால் எங்கே தொடங்குவது? மேசையில் வேண்டாம். ஏட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, அரிசி மூட்டை இறங்கும் இடத்திலிருந்து எச்சில் தட்டு கழுவும் தொட்டிவரை, சமையல் நடக்கும் வேளையிலேயே நடந்து செல்லுங்கள். ஏட்டில் உள்ளது தரையில் இருக்கிறதா, தரையில் உள்ளது ஏட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சமையற்காரரையும் பாத்திரம் துலக்குபவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கணக்கர் அறியாதது அவர்களுக்குத் தெரியும். பிறகு வெப்பப் பதிவேட்டைப் புரட்டுங்கள். முப்பது நாளும் 75 பாகை என்று ஒரே மையில் எழுதியிருந்தால், அளந்து எழுதினார்களா என்று கேட்பதில் தவறில்லை. வெப்பமானியை நொறுக்கிய பனிக்கட்டி நீரில் வைத்துப் பாருங்கள். 0 காட்ட வேண்டும். மூன்று பாகை தவறாகக் காட்டும் கருவியைக் கொண்டு ஆண்டு முழுதும் எழுதிய பதிவேடுகளையும் நான் கண்டிருக்கிறேன்.

திருத்தியபின் தேதியும் காரணமும் எழுதிக் கையொப்பமிடுங்கள். பழைய தாளைக் கிழித்துவிட வேண்டாம். தனிக் கோப்பில் சேர்த்து வையுங்கள். ஆனால் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கும் பழைய அளவை அன்றைக்கே எடுத்துவிட வேண்டும். புதிய தாளைப் பழையதன் பக்கத்தில் ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் பலர். இரண்டு அளவுகள் அருகருகே இருந்தால், அவசரத்தில் இருக்கும் சமையற்காரர் சீக்கிரம் முடிகிற அளவைத்தான் எடுத்துக்கொள்வார்.