நோக்கும் பெயர், கேட்கும் கருவி

இரண்டாம் உலகப் போரின்போது திருகோணமலைத் துறைமுகத்தில் தங்கிய பிரித்தானிய நீர்மூழ்கிக் கப்பல்கள், பெரிஸ்கோப்பினால் கடற்பரப்பை நோக்கின. அந்நகர வைத்தியசாலையில் வைத்தியரோ, ஸ்டெதஸ்கோப்பினால் நோக்குவதில்லை; கேட்கின்றார். எனினும் இரு பெயர்க்கும் ஈறு ஒன்றே.

கிரேக்க மொழியில் 'ஸ்டெதோஸ்' என்பது மார்பு; 'ஸ்கோபெயின்' என்பது நோக்குதல், ஆராய்தல். 1816ஆம் ஆண்டு பாரிசில் லாயென்னெக் என்னும் வைத்தியர், சுருட்டிய தாளை நோயாளியின் மார்பில் வைத்து ஒலி கேட்டார். பின்னர் மரக்குழல் செய்தார். மார்பினுள் மறைந்த நோயை ஒலிகொண்டு ஆராய்வதால் அப்பெயர் பொருந்துகின்றது.

தமிழில் இதனை 'இதயத்துடிப்புமானி' என்பாருமுளர். மானி அளப்பது, இக்கருவியோ அளப்பதன்று. நுரையீரலின் ஒலியையும் இது கேட்பிக்கின்றது. கலைச்சொல் ஆக்குவோர் கருவியின் தொழிலை முதலில் அறிதல் வேண்டும். 'மார்பொலிகேட்பி' என்றால், பாமரர்க்கும் பொருள் விளங்கும்.