இறுக்கத்துக்கும் ஓர் அளவு உண்டு

பைக்குக்கு ஆயில் மாற்றுவது, காருக்கு ஸ்டெப்னி மாட்டுவது, இதெல்லாம் இன்றைக்குப் பலர் வீட்டிலேயே செய்கிற வேலை. கழற்றுவது சுலபம். திரும்ப எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் சிக்கல். குறைந்தால் நட் தளரும். கூடினால் மரை போய்விடும்.

அதற்கென்றே இருப்பது டார்க் ரெஞ்ச். வேண்டிய அளவை அதில் வைத்து இறுக்கினால், அளவு வந்ததும் 'டிக்' என்று சொல்லிவிடும்.

அளவு நியூட்டன் மீட்டரில் இருக்கும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 10 கிலோ எடை தொங்கினால் ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர். பல கார்களின் சக்கர நட்டுக்கு 100-ஐ ஒட்டிய அளவு. பைக்கின் ஆயில் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 20, 30 போதும். சரியான எண் வண்டியோடு வந்த கையேட்டில் இருக்கும்.

ஆகவே இரண்டு வேலைக்கும் ஒரே ரெஞ்ச் சரிவராது. காருக்கு 40 முதல் 200 வரை காட்டும் அரை அங்குல ரெஞ்ச் வாங்கலாம், பைக்குக்குச் சின்னது. உங்களுக்கு வேண்டிய அளவு அதன் நடுப்பகுதியில் வந்தால் துல்லியம் நன்றாக இருக்கும்.

'டிக்' கேட்டதும் நிறுத்துங்கள். நட்டைக் கழற்ற டார்க் ரெஞ்சைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் நீண்ட நாள் உழைக்கும்.

வாங்கப் புறப்படும் முன், முதலில் கையேட்டைப் புரட்டிப் பாருங்கள்!