வேலை முடிந்ததா, வெள்ளம் வடிந்ததா?

(வெள்ளத் தடுப்புத் திட்டங்களின் முன்னேற்றத்தை ஆய்வு செய்ய ஆலோசகரை அமர்த்துவது குறித்த உரையின் எழுத்து வடிவம்)



உங்க கையில் இருக்கிற போனைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். ஏதோ ஒரு மழைக்காலத்தில் எடுத்த படம் ஒன்றாவது அதில் இருக்கும். முழங்கால் அளவு தண்ணீர், பாதி மூழ்கிய பைக், வாசற்படியில் மணல் மூட்டை. அந்தப் படம் ஒரு சாட்சி. யாருக்கு, எதற்கு என்பதைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

2015 டிசம்பர் 1ஆம் தேதியைச் சென்னை மறக்காது. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டது. அதன் பிறகு நகரத்தைக் காக்கப் பெரிய திட்டங்கள் வந்தன. ஆசிய வளர்ச்சி வங்கியின் 25 கோடியே 10 லட்சம் டாலர் கடனுதவியுடன் கொசஸ்தலையாறு வடிநிலப் பகுதிக்கு ஒரு திட்டம். அதில் மட்டும் 588 கிலோமீட்டர் புதிய மழைநீர் வடிகால் கட்டத் திட்டமிடப்பட்டது. தெற்கே கோவளம் வடிநிலப் பகுதியில் ஜெர்மன் வங்கி உதவியுடன் இன்னொன்று.

இவ்வளவு பெரிய வேலை சரியாக நடக்கிறதா என்று யார் பார்ப்பது? கட்டுகிற துறையே பார்த்துக்கொண்டால், தன் விடைத்தாளைத் தானே திருத்துகிற மாதிரி ஆகிவிடும். அதனால்தான் இதுபோன்ற திட்டங்களில் வெளியிலிருந்து ஒரு ஆலோசகரை அமர்த்தி ஆய்வு செய்யச் சொல்கிறார்கள்.

“ஆலோசகருக்கு எதுக்குங்க காசு? அதுல இன்னும் ரெண்டு தெருவுக்குக் கால்வாய் கட்டலாமே?” என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆய்வு உண்மையைச் சொன்னால் அது செலவு இல்லை, காப்பீடு. உண்மையைச் சொல்லாவிட்டால் வீண்தான். இந்த இரண்டில் எது நடக்கும் என்பது, ஆள் எடுப்பதற்கு முன்பே ஒரு காகிதத்தில் முடிவாகிவிடுகிறது. அதற்குப் பெயர் ‘பணி வரையறை’. ஆலோசகர் எதைப் பார்க்க வேண்டும், எதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்று துறை எழுதித் தருகிற காகிதம்.

ஒரு உதாரணம். உங்க பகுதியில் 1,000 மீட்டர் வடிகால் கட்ட வேண்டும். 980 மீட்டர் முடிந்துவிட்டது. ஆற்றில் போய்ச் சேர வேண்டிய கடைசி 20 மீட்டர் மட்டும் பாக்கி. “எத்தனை சதவீத வேலை முடிந்தது?” என்று கேட்டால், ஆலோசகர் “98 சதவீதம்” என்று எழுதுவார். பொய் இல்லை. ஆனால் மழை பெய்தால் அந்த 980 மீட்டர் வடிகால் ஒரு நீளமான தொட்டிதான். நிரம்பி, உங்க வாசலுக்கே திரும்பி வரும்.

அதே ஆலோசகரிடம், “இத்தனை செ.மீ. மழை பெய்தபோது இந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நேரம் நின்றது, ஏன்?” என்று கேட்டுப் பாருங்கள். அவர் அலுவலகக் கோப்பை மூடிவிட்டுத் தெருவில் இறங்கியே ஆக வேண்டும். வடிகாலின் வாட்டம் சரியா, வண்டல் தொட்டி தூர்வாரப்பட்டதா, குறுக்கே கேபிள் போகிறதா, கழிவுநீரை யாராவது இணைத்துவிட்டார்களா என்றெல்லாம் பார்க்க வேண்டி வரும்.

ஆலோசகரை அமர்த்தும்போது இன்னும் மூன்று விஷயம் முக்கியம்.

முதலாவது, திட்டத்தை வடிவமைத்த நிறுவனமோ, மேற்பார்வை செய்கிற நிறுவனமோ ஆய்வுக்கு வரக்கூடாது.

இரண்டாவது, விலை குறைவு என்பதற்காக மட்டும் எடுக்கக்கூடாது. நம் மாநிலத்தில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. இரண்டு உறை முறையில், தகுதி உறையைத்தான் முதலில் பிரிப்பார்கள். அதில் தேறியவர்களின் விலை உறையை மட்டுமே அடுத்துப் பிரிப்பார்கள். அந்தத் தகுதிப் பட்டியலில் வெள்ள அனுபவம் உள்ள பொறியாளரோடு, மக்களிடம் பேசத் தெரிந்தவரும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, காலம். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. ஏப்ரல், மே மாதத்தில் வந்து பார்த்தால் எல்லா வடிகாலும் நல்ல வடிகால்தான்!

அறிக்கைக்குப் பிறகு என்ன நடக்கிறது என்பதும் பெரிய விஷயம். 2015 வெள்ளத்தை மனிதர்களால் ஏற்பட்ட பேரிடர் என்று சிஏஜி அறிக்கை குறிப்பிட்டது. அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018இல். 2021 வெள்ளத்துக்குப் பின் ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி திருப்புகழ் தலைமையில் அமைந்த குழு, 2023 மார்ச்சில் இறுதி அறிக்கை கொடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் வந்தது. அறிக்கைக்காக மழை காத்திருக்காது. அதனால் ஒவ்வொரு பரிந்துரைக்கும் பக்கத்தில், எந்த அதிகாரி, எந்தத் தேதிக்குள் என்று இரண்டு கட்டம் இருக்க வேண்டும்.

சரி, நாம் என்ன செய்யலாம்?

தண்ணீர் தேங்கினால் படம் எடுங்கள். போனில் இருப்பிட வசதியை ஆன் செய்துவிட்டு எடுங்கள். மின்கம்பம், வாசற்படி என்று மாறாத ஒரு பொருள் படத்தில் தெரியட்டும், ஆழம் புரியும். தண்ணீர் எப்போது ஏறியது, எப்போது வடிந்தது என்று குறித்து வையுங்கள். பாதுகாப்பு முக்கியம். தண்ணீருக்குள் இறங்கிப் படம் எடுக்க வேண்டாம். திறந்த குழியும் மின்கசிவும் கண்ணுக்குத் தெரியாது. மாடியிலிருந்து எடுத்தாலே போதும்.

சென்னையில் இருந்தால் 1913இல் புகார் செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட்ட படம் நாலு நாளில் மேலே போய்விடும். புகார் எண்ணோடு சேர்ந்த படம் பதிவேட்டில் நிற்கும். பகுதி சபைக் கூட்டத்திலும் அதைக் காட்டுங்கள்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணம் செலுத்தி, பணி வரையறையின் நகல், ஆய்வறிக்கை, அதன் மீது எடுத்த நடவடிக்கை மூன்றையும் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அந்தச் சட்டத்தின் 2(ஜே) பிரிவில், நடக்கிற பணியை நேரில் பார்வையிடும் உரிமையும் இருக்கிறது. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

ஆலோசகர் சில மாதம் இருப்பார், போய்விடுவார். அந்தத் தெருவில் வருஷம் முழுக்க இருப்பது நீங்கள். அவர் வரும்போது உங்க போனில் தேதி, நேரம், இடம், புகார் எண் நான்கும் தயாராக இருக்கட்டும். “98 சதவீதம் முடிந்தது” என்று யாராவது சொன்னால், அந்தப் படத்தைக் காட்டி, “மிச்சம் 20 மீட்டர் எப்போ சார்?” என்று கேளுங்கள்.