அடி மூடாத பானை

நடுவர் அவர்களே!

"தொடக்கப் பள்ளிக் குழந்தையை வளர்ப்பது அன்றாட வகுப்பா? வகுப்புக்கு வரும் விருந்தினரா?" என்று கேட்டிருக்கிறீர்கள். விருந்தினரே என்று சொல்ல வந்திருக்கிறேன். இருபது வருஷம் சாக்பீஸ் தூசி தின்ற ஆசிரியை நான். இந்தம்மா அந்த அணியில்ல இருக்கணும்னு நீங்க நினைக்கலாம். காரணம் இருக்கிறது ஐயா, சொல்கிறேன்.

எதிரணித் தலைவர் விருந்தினரைப் பற்றி என்ன சொன்னார்? அதிகாரி வருகிறார் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலுக்குக் கோலம், பக்கத்து வீட்டிலிருந்து இரவல் நாற்காலி, அன்றைக்குப் படிப்பு போச்சு என்றார். உண்மைதான் ஐயா, மறுக்கவில்லை. எங்கள் பள்ளியிலும் ஒருமுறை நடந்தது. "யார் என்ன கேட்டாலும், எல்லாம் நல்லா இருக்கு சார்னு சொல்லுங்கடா" என்று மூன்று நாள் பழக்கி வைத்திருந்தார்கள். வந்தவர் அன்பாக ஒரு பையனின் முதுகைத் தட்டி, "உன் பேர் என்னப்பா?" என்றார். பையன் சொன்னான்: "எல்லாம் நல்லா இருக்கு சார்!" (சிரிப்பு)

ஆனால் நடுவர் அவர்களே, அவர் விருந்தினர் இல்லை, பார்வையிட வந்தவர். நம்மைக் குறை காண வருகிறவர் வேறு, நமக்கு ஒன்று கொடுக்க வருகிறவர் வேறு. இந்த இரண்டையும் ஒரே பந்தியில் உட்கார வைத்து எங்கள் இலையில் மண்ணைப் போடுகிறார் எதிரணித் தலைவர்! (கைதட்டல்)

அடுத்து வந்த தங்கை பட்டியல் போட்டார். 1956-இல் காமராசர் தொடங்கி வைத்த மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டு வந்த சத்துணவு, 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும், அதே ஆண்டு செப்டம்பரில் தொடங்கிய காலை உணவு. "இதெல்லாம் தினமும் நடப்பதுதானே?" என்றார். சபாஷ்! ஒவ்வொன்றையும் கும்பிடுகிறேன். பசித்த வயிற்றோடு அகரம் ஏறாது. ஆனால் வயிறு நிறைந்த பிறகும் வாய் திறக்காத பிள்ளையை என்ன செய்வீர்கள்?

என் நாலாம் வகுப்பில் அப்படி ஒருவன் இருந்தான். வருகைப் பதிவு எடுத்தால் எல்லாரும் "உள்ளேன் டீச்சர்" என்பார்கள். இவன் கையை மட்டும் தூக்குவான். ஒருநாள் "என் அப்பா" என்று ஐந்து வரி எழுதச் சொன்னேன். ஒருத்தி, "என் அப்பா நல்லவர், அம்மா இல்லாதபோது" என்று எழுதியிருந்தாள். (சிரிப்பு) இவன் நோட்டில் தலைப்பு மட்டும் இருந்தது. கீழே ஒன்றுமில்லை. "ஏண்டா எழுதல?" என்றேன். தலை குனிந்துகொண்டான். பக்கத்துப் பையன் சொன்னான்: "அவங்கப்பா சட்டி பானை செய்யறவரு டீச்சர். சொன்னா நாங்க சிரிப்போம்ல!"

நடுவர் அவர்களே, எனக்குச் சுருக்கென்றது. இருபது அட்டையும் முப்பது பாடமும் வைத்திருந்தேன். அப்பாவின் தொழிலைச் சொல்லக் கூசுகிற பிள்ளைக்கு என் கையில் ஒரு பாடமும் இல்லை.

அன்று மாலை அவன் வீட்டுக்குப் போனேன். "ஐயா, ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து பாடம் நடத்தணும்" என்றேன். அவர் பதறிப்போனார். "நான் கைநாட்டு டீச்சரம்மா. எனக்கென்ன தெரியும்?"

வந்தார். தள்ளுவண்டியில் சக்கரமும் மண்ணும் வந்தன. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "உள்ள வரலாமா?" என்று நின்றார். என் நாற்காலியைக் கொடுத்தேன். "நம்ம வேலை தரையிலதாம்மா" என்று வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். சக்கரம் சுற்றியது. மண் எழுந்தது, வாய் விரிந்தது, கழுத்து ஒடுங்கியது. நூலால் அறுத்து எடுத்தார். ஒரு பெண்பிள்ளை கத்தினாள்: "ஐயோ, பானைக்கு அடியே இல்ல!"

அவர் சிரித்தார். மகனைப் பார்த்து, "நீ சொல்லுடா" என்றார்.

பையன் எழுந்தான். "சக்கரத்துல வாயும் கழுத்தும்தான் வரும். நிழல்ல வச்சு, மண்ணு கொஞ்சம் இறுகணும். அப்புறம் உள்ள கல்லு வச்சு, வெளிய பலகையால தட்டித் தட்டித்தான் அடிய மூடணும். ஈரமா தட்டினா ஒட்டிக்கும். ரொம்பக் காஞ்சு தட்டினா விரிசல் விட்டுடும்."

ஆறு மாதத்தில் அவன் சேர்ந்தாற்போல் பேசியது அன்றைக்குத்தான். ஒருவரும் சிரிக்கவில்லை ஐயா. "எனக்கு, எனக்கு" என்று மண்ணுக்குக் கை நீட்டினார்கள். (பலத்த கைதட்டல்)

இது ஏதோ நான் கண்டுபிடித்த புதுமை இல்லை. தோக்கியோவில் 1937-இல் தோமோயே என்ற பள்ளியைத் தொடங்கிய கோபயாஷி என்ற தலைமையாசிரியர், ஒரு விவசாயியை அழைத்துவந்து, "இவர்தான் உங்கள் விவசாய ஆசிரியர்" என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார். அங்கே படித்த தெத்சுகோ குரோயாநாகி 1981-இல் எழுதிய டோட்டோ-சான் புத்தகத்தில் அது இருக்கிறது. பள்ளிக் கட்டடம் 1945 குண்டுவீச்சில் எரிந்து போனது. அந்த விவசாயி எரியவில்லை. ஒரு குழந்தையின் மனத்தில் அத்தனை வருஷம் உயிரோடு இருந்திருக்கிறார்!

"தினமும் பானைக்காரரைக் கூப்பிட முடியுமா?" என்று தங்கை கேட்பார். வேண்டாம் அம்மா. சக்கரம் தினமும் சுற்றட்டும். நீங்கள் சொல்லும் அன்றாட வகுப்புதான் அந்தச் சக்கரம். வாயும் கழுத்தும் அது கொடுக்கும். ஆனால் அடி மூடாத பானையில் எத்தனை குடம் ஊற்றினாலும் நிற்குமா? அந்த அடியை மூட, ஈரம் போகாத பதத்தில் ஒரு கை வந்து தட்ட வேண்டும். அந்தக் கைதான் விருந்தினர்.

மறுநாள் காலை வருகைப் பதிவு எடுத்தேன். அதே பதிவேடு, அதே வரிசை. அவன் பெயரை வாசித்துவிட்டு, கை தூக்குவான் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"உள்ளேன் டீச்சர்!"

பக்கத்து வகுப்புக்கே கேட்டது. அந்தக் குரலைக் கொண்டுவந்தது யார் என்று தீர்ப்பில் நீங்களே சொல்லுங்கள் நடுவர் அவர்களே! (கைதட்டல்)