வராத நாட்கள் செய்தியாவதில்லை

(ஆம்பூரில் மாணவர்களின் வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிளஸ் டூ படித்த தலித் மாணவர் ஒருவரை, கூடப் படித்த ஆதிக்கச் சாதி மாணவர்கள் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. பத்திரிகைகள் எழுதின. அடுத்த ஆண்டு மே மாதம் அந்த மாணவர் 600க்கு 469 மதிப்பெண் எடுத்தார். அதையும் பெரிதாக எழுதின.

இந்த இரண்டுக்கும் முன்னால் ஒரு செய்தி இருந்தது. தொல்லை தாங்காமல் அவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று ஆசிரியர்கள் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அதன் பிறகு நடந்ததுதான் அந்த வெட்டு. நம் பத்திரிகைகளின் கண்ணுக்கு அரிவாள் தெரிகிறது, மதிப்பெண் தெரிகிறது. வருகைப் பதிவேட்டில் விழுந்த அந்த வெற்றுக் கட்டங்கள் தெரிவதில்லை.

'அது தெற்கே, நம்ம பக்கம் அப்படியில்லை' என்று சிலர் சொல்வார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எங்கும் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் உழைப்பவர்களில் பெரும்பகுதி தலித்துகளும் முஸ்லிம்களும்தான். ஷூ கம்பெனிகளில் பெண்கள் அதிகம். ஆர்டர் இருந்தால் ஓவர்டைம். ஆர்டர் குறைந்தால் ஒப்பந்தத் தொழிலாளிக்குத்தான் முதலில் 'நாளைக்கு வர வேண்டாம்'. அந்த ஒரு வார்த்தை வீட்டுக்குள் வந்தால் என்ன ஆகும்? டியூஷன் நிற்கும். பஸ்ஸுக்குக் காசிருக்காது. அம்மா தூரத்து வேலைக்குப் போனால் பெரிய பெண் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருப்பாள். பையன் 'ஒரு மாசம் மட்டும்' என்று கம்பெனிக்குப் போவான். யாரும் அரிவாள் எடுக்கவில்லை. ஆனால் படிப்பு அறுந்துவிட்டது.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டது. ஏற்றுமதி எத்தனை கோடி, ஏற்றுமதியாளர்கள் கேட்கும் சலுகை என்ன என்று பத்தி பத்தியாக வந்தது. நான் வாசித்த செய்திகளில் தொழிலாளிக்குக் கிடைத்தது 'வேலையிழப்பு அபாயம்' என்ற ஒரு வரி. அவர் பிள்ளையின் பள்ளிக்கு அந்த வரியும் இல்லை.

இத்தனைக்கும் இந்தத் தொழிலுக்கும் படிப்புக்கும் உள்ள முடிச்சு அரசாங்கத்துக்கே தெரியும். 1977-78இல் தொடங்கிய மத்திய அரசின் பள்ளி உதவித்தொகைத் திட்டத்தில், துப்புரவுத் தொழிலாளர்களோடு தோல் உரிப்போர், தோல் பதனிடுவோர் பிள்ளைகளும் உண்டு. ஷூ தைக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கு என்ன வழி? ஒரு நிருபர் கேட்க வேண்டிய கேள்வி இது.

எழுதி என்ன ஆகும் என்று கேட்காதீர்கள். 2019இல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்கு வழி மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அது செய்தியான பிறகுதான் சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. செத்தவருக்கு வழியில்லை என்பது செய்தியாகும்போது, உயிரோடு இருக்கும் பிள்ளை பள்ளிக்குப் போக முடியவில்லை என்பதும் செய்தியாக வேண்டும்.

மற்றவர்கள் எழுதட்டும் என்று நம் முன்னோர் காத்திருக்கவில்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். உங்கள் கையில் போன் இருக்கிறது.

உங்கள் தெருவில் இந்த மாதம் எந்தெந்தப் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை, அந்த வாரம் அந்த வீட்டில் யாருக்கு வேலை இல்லை என்று கேளுங்கள். பிள்ளையின் பெயரைப் போடாதீர்கள், படத்தைப் போடாதீர்கள். நாட்களையும் காரணத்தையும் எழுதுங்கள். பத்துத் தெருவின் கணக்கு சேர்ந்தால் அதை எடுத்துக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்கும் போகலாம், பத்திரிகை அலுவலகத்துக்கும் போகலாம்.