கைக்குழந்தையோடு அந்தமான் போகலாமா?

(நம் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் நடந்த இளம் பெற்றோர் சந்திப்பில், குழந்தைகள் வார்டில் 28 ஆண்டுகள் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் குடியிருப்புவாசி ஒருவர் ஆற்றிய உரை. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தருகிறோம்.)



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் லிப்டிலும் பூங்காவிலும் என்னிடம் வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஆன்ட்டி, பாப்பாவுக்கு எட்டு மாசம் ஆகுது. அந்தமான் போகலாம்னு இருக்கோம், போகலாமா?" அடுத்த நாள் அதே வீட்டுப் பாட்டி வந்து, "பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கிட்டுக் கடல் தாண்டணுமா? நீங்களாவது சொல்லுங்க சிஸ்டர்" என்பார். இரண்டு பேருக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான். போகலாம். ஆனால் திட்டத்தைக் குழந்தையிடமிருந்து தொடங்க வேண்டும்.

உங்கள் குழந்தைக்கு ராதாநகர் கடற்கரை தெரியாது. அதற்குத் தெரிந்தவை பால், தூக்கம், நிழல், பழகிய மடி. இந்த நான்கும் கிடைத்தால் அது எங்கேயும் இருக்கும். இவற்றோடு நாம் பார்க்க வேண்டிய ஐந்தாவது ஒன்று உண்டு. நாம் நிற்கிற இடத்திலிருந்து ஒரு குழந்தை மருத்துவரிடம் போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும்? சென்னையில் இதை நாம் யோசிப்பதே இல்லை. தீவில் முதலில் யோசிக்க வேண்டியது இதுதான்.

எப்போது போகலாம்?

பிறந்து சில நாட்களே ஆன குழந்தையையும் விமானத்தில் ஏற்றுகிறார்கள். ஏற்றுகிறார்கள் என்பதற்காகப் போக வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த வயதில் தீவுப் பயணம் வேண்டாம். 6, 10, 14 வாரத் தடுப்பூசிகள் முடியட்டும். ஆறு மாதம் தாண்டினால் வசதி கூடும். ஒன்பதாவது மாதத்துத் தட்டம்மை ஊசி போட்டு இரண்டு வாரம் கழித்துப் போனால் இன்னும் நல்லது.

மாதத்தையும் பாருங்கள். அந்தமானில் மே பாதியில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் வரை நீடிக்கும். பிறகு வடகிழக்கு மழையும் உண்டு. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும், படகுகள் ரத்தாகும். ஜனவரி முதல் மார்ச் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். குழந்தையோடு போகிறவர்களுக்கு ஏற்ற காலம் அதுதான்.

எங்கே தங்குவது?

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று கூடுதலாகும். 2024-இல் அந்த ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றினார்கள். தீவுகளின் பெரிய அரசு மருத்துவமனையான கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. எல்லோரும் போக ஆசைப்படும் ஹேவ்லாக், அதாவது ஸ்வராஜ் தீவு, அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டர். தனியார் படகில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், அரசுக் கப்பலில் இன்னும் கொஞ்சம் கூடுதல். அங்கே இருப்பது சிறிய அரசு சுகாதார நிலையம். இருட்டிய பிறகு வழக்கமான படகு கிடையாது. இரவு எட்டு மணிக்குக் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால், அவசர ஏற்பாடு செய்தாலும் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும்.

அதனால் ஹேவ்லாக் போகவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து நாளில் மூன்று தீவு, ஆறு படகு என்று டிராவல் ஏஜென்ட் போட்டுத் தரும் திட்டத்தை அப்படியே வாங்காதீர்கள். முதல் இரவு போர்ட் பிளேரில் தங்குங்கள். குழந்தை நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு ஹேவ்லாக் போய், ஒரே விடுதியில் இரண்டு மூன்று இரவுகள் இருங்கள். நீல் தீவை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு போர்ட் பிளேருக்கு வந்துவிடுங்கள். படகு ரத்தானாலும் விமானம் தவறாது. குழந்தைக்குக் காய்ச்சல் ஏதும் இருந்தால் அன்றே புறப்பட்டு வந்துவிடுங்கள், மறுநாள் வரை பார்க்கலாம் என்று அங்கேயே இருக்க வேண்டாம்.

விமானமும் படகும்

இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைக்குத் தனி இருக்கை இல்லை, மடியில்தான். டிக்கெட்டில் குழந்தையின் பெயரைச் சேர்த்து, பிறப்புச் சான்றிதழை எடுத்துச் செல்லுங்கள். காது அடைப்பு வலிக்காமல் இருக்க, விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பால் கொடுங்கள். இறங்கும்போதுதான் வலி அதிகம். தரையிறங்க அரை மணி நேரம் முன்பே இறக்கம் தொடங்கிவிடும். அந்த நேரத்துக்குப் பசி இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

படகில் பெரியவர்களுக்குத்தான் குமட்டல் வரும். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தைகளுக்கு அது அரிது. அம்மாவுக்குத் தலை சுற்றினால் குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்று ஏறும் முன்பே பேசி வையுங்கள். தனியார் படகுகளில் ஏசி குளிரும், ஒரு மெல்லிய ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். எலிபன்ட் பீச்சுக்குப் போகும் ஸ்பீட் போட் அலையில் தூக்கிப் போடும். கழுத்து உறுதிப்படாத குழந்தைக்கு அந்தக் குலுக்கல் ஆகாது. அப்பா ஒரு நாள், அம்மா ஒரு நாள் என்று மாறி மாறிப் போய் வாருங்கள்.

வெயிலின் கடிகாரம்

இது பலர் கவனிக்காத விஷயம். அந்தமானிலும் நம் நேரம்தான். ஆனால் அந்தத் தீவுகள் நமக்கு வெகு கிழக்கே இருப்பதால், சூரியன் அங்கே சென்னையைவிட சுமார் 50 நிமிடம் முந்திக்கொள்கிறது. உச்சி வெயில் 11.20 வாக்கிலேயே வந்துவிடும். டிசம்பரில் மாலை 5 மணிக்கே இருட்டத் தொடங்கும். இங்கே 10 மணி முதல் 4 மணி வரை வெயிலைத் தவிர்ப்போம், அங்கே 9 முதல் 3 வரை தவிர்க்க வேண்டும். காலை ஆறு முதல் எட்டரை வரை கடற்கரை, பிறகு அறை, மதியத் தூக்கம், மூன்றரைக்கு மேல் மறுபடி கடற்கரை. குழந்தைகள் எப்படியும் விடியலில் எழுந்துவிடுகின்றன. ஒரு தடவையாவது அது நமக்கு வசதியாக இருக்கட்டுமே!

ஆறு மாதத்துக்குள் சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழல், தொப்பி, கை கால் மூடும் மெல்லிய பருத்திச் சட்டை போதும். ஆறு மாதத்துக்கு மேல் என்றால் துத்தநாக ஆக்சைடு உள்ள, எஸ்பிஎப் 30-க்குக் குறையாத கிரீமை ஊரிலேயே கையில் கொஞ்சம் தடவிப் பார்த்து வாங்குங்கள். தள்ளுவண்டியின் மேல் துணி போட்டு மூடாதீர்கள். நிழல் போலத் தெரிந்தாலும் உள்ளே காற்று நின்று சூடேறும். மணலில் தள்ளுவண்டி ஓடவும் ஓடாது. உடம்போடு கட்டிக்கொள்ளும் பேபி கேரியர்தான் அங்கே உதவும்.

பால், தண்ணீர், சாப்பாடு

பாட்டிமார்கள் இதைக் கொஞ்சம் கேளுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு எவ்வளவு வெயிலிலும் தண்ணீர் தேவையில்லை. சர்க்கரைத் தண்ணீர், இளநீர் எதுவும் வேண்டாம். அடிக்கடி பால் கொடுத்தால் போதும். அதற்கு அம்மா நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். ஒரு வயது வரை தேன் கூடாது.

புட்டிப்பால் கொடுப்பவர்கள் கொதித்த தண்ணீரைப் பிளாஸ்க்கில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கலக்குங்கள். கலந்து இரண்டு மணி நேரம் ஆன பாலைக் கொட்டிவிடுங்கள். திட உணவு தொடங்கியவர்கள் வீட்டில் பழகிய சத்துமாவு, அரிசி பருப்புப் பொடி எடுத்துச் செல்லுங்கள். புது மீனையும் புதுப் பழத்தையும் ஊருக்குத் திரும்பி வந்து பழக்கலாம். அங்கே உடம்பில் தடிப்பு வந்தால், உணவாலா, பூச்சிக்கடியாலா என்று நமக்கே குழம்பும்.

பூச்சியும் கடலும்

சாயங்காலம் கடற்கரையில் மணல் ஈக்கள் கடிக்கும். கடித்த இடம் பல நாள் அரிக்கும். குழந்தையை மணலில் நேரடியாக உட்கார வைக்காமல் கனமான விரிப்பில் வையுங்கள். அறையில் கொசுவலை கட்டாயம், மடக்கும் வலையாக எடுத்துச் செல்லலாம். இரண்டு மாதத்துக்குள் கொசு விரட்டி எதையும் தடவக் கூடாது. அதற்கு மேல், டப்பாவில் எழுதியிருக்கும் வயதைப் பார்த்து, கைவிரலிலும் முகத்திலும் படாமல் தடவுங்கள்.

தண்ணீரில் குழந்தை எப்போதும் உங்கள் கைக்குள் இருக்க வேண்டும். காற்றடைத்த மிதவை வெறும் விளையாட்டுப் பொருள். அறைக் குளியலறையில் நிரம்பிய வாளியும் ஆபத்துதான், கவிழ்த்து வையுங்கள். சில கடற்கரைகளில் முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும். பலகை இருந்தால் கால் நனைக்கக்கூட இறங்க வேண்டாம். கடலில் நனைந்த குழந்தையை நல்ல தண்ணீரில் கழுவி, கழுத்து மடிப்பையும் தொடை இடுக்கையும் துடைத்துவிடுங்கள். வேர்க்குருவுக்குப் பவுடர் கொட்டாதீர்கள், அது மூச்சில் போகும்.

மருந்துப் பை

பாரசிட்டமால், ஓஆர்எஸ் பாக்கெட், துத்தநாக மருந்து, தெர்மாமீட்டர், நாசிச் சொட்டு உப்புநீர். இவ்வளவு போதும். பாரசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120 என்றும் 250 என்றும் உண்டு. ஒன்றின் அளவை இன்னொன்றில் கொடுத்தால் விபரீதமாகும். புறப்படும் முன் குழந்தையை எடை போட்டு, உங்கள் கையில் இருக்கும் பாட்டிலுக்கு எத்தனை மில்லி என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, பாட்டிலிலேயே ஒட்டுங்கள். இருமல் சிரப் எதுவும் வேண்டாம்.

பெரிய ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும், 24 மணி நேரத்தில் மீதியைக் கொட்ட வேண்டும். கடையில் டெட்ரா பேக்கில் விற்கும் பழச்சுவை பானம் அதற்கு ஈடாகாது.

இனி சொல்லும் அறிகுறிகளைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாலும் தவறில்லை. ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது, பால் குடிக்க மறுக்கிறது, துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம், மூச்சு வாங்குகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இணையத்தில் தேட வேண்டாம், என்னைக் கூப்பிட வேண்டாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

கடைசியாக

பயணத்தை நிறுத்தச் சொல்லும் தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. எட்டு மாதமாக இரண்டு படுக்கையறை வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெண் நான்கு நாள் கடலைப் பார்க்க ஆசைப்படுகிறாள். இந்த ஆசை ஊதாரித்தனமாகாது. பிரசவத்துக்குப் பிறகு மனம் சோர்ந்த பல தாய்மார்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். முடிந்தால் நீங்களும் கூடப் போங்கள்.

அப்பாக்களுக்கு ஒரு வார்த்தை. அறை மட்டும் மாறி, டயபர் மாற்றுவதும் புட்டி கழுவுவதும் அவளுக்கே என்றால் அவளுக்கு அது விடுமுறையே இல்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு மணி நேரம் குழந்தை முழுக்க உங்கள் பொறுப்பு. அந்த நேரத்தில் அவள் தூங்கட்டும், நீந்தட்டும், சும்மா உட்கார்ந்திருக்கட்டும்.

டிக்கெட் போடும் முன் ஒரு தாளில் ஒவ்வொரு இரவும் எங்கே தங்குகிறீர்கள், அங்கிருந்து மருத்துவமனைக்கு எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். எழுதிப் பார்த்துக் கலக்கமாக இருந்தால் ஒரு தீவைக் குறையுங்கள். நிம்மதியாக இருந்தால் புறப்படுங்கள். போய் வந்து பூங்காவில் பாப்பாவைக் காட்டுங்கள்.